கையை ஆட்டாத நடனத்துக்கு நான் தலைவியான கதை

1. முதல் நாள் சண்டை

நோராவை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம். பார்த்தவுடன் கத்தினேன்.

அப்போது டென்மார்க்கில், ஹொல்ஸ்டெப்ரோ ஊரில் ஒரு விளையாட்டு மண்டபத்தில் எனக்கு வேலை. கதவு திறப்பது, நிலம் மினுக்குவது, பட்மின்டன் வலை கட்டுவது, உடை மாற்றும் அறைகளைக் கழுவுவது, கடைசியில் லைற் அணைத்துப் பூட்டுவது. அந்தக் கிழமைதான் மர நிலத்துக்குப் புது லாக்கர் மெருகு அடித்திருந்தோம். மெஷின் அறையில் நின்ற எனக்கு, தகரக் கூரையில் ஆலங்கட்டி கொட்டுவது போல ஒரு சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், சிவந்த முகத்தோடு ஒரு இளம் பெண்ணும் நாலைந்து பிள்ளைகளும் அடியில் கட்டை அடித்த சப்பாத்தோடு என் புது லாக்கரின் மேல் குதித்துக்கொண்டிருக்கிறார்கள்!

"நிப்பாட்டுங்கோ! ஆர் உங்களை உள்ளை விட்டது? கழட்டுங்கோ சப்பாத்தை!"

இதை டெனிஷில்தான் கத்தினேன். என் டெனிஷும் நொண்டி, அவளுடைய டெனிஷும் நொண்டி. இங்கே எல்லாவற்றையும் தமிழில் எழுதுகிறேன். அதனால் அயர்லாந்துக்காரி நோராவும் யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவள் மாதிரித்தான் கதைப்பாள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

"இது எங்கட ஊர் நடனம்," என்றாள் அவள், சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு. "சத்தம் வராட்டி இது நடனமே இல்லை."

"எங்கட ஊரிலை சப்பாத்தோட ஆடினா ரீச்சர் கம்போட வருவா. நாங்கள் நிலத்தைத் தொட்டுக் கும்பிட்டுப்போட்டுத்தான் ஒரு அடி வைப்பம், தெரியுமோ?"

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் அடுத்த செவ்வாய் வந்தவள் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினாள். எல்லாரும் குனிந்து நிலத்தைத் தொட்டார்கள். பிறகு தன் தொப்பியைக் கழற்றி என்னிடம், "இப்ப சரிதானே? இதுதானே இந்த மண்டபத்தின்ரை சட்டம்?" என்று கேட்டாள். கொம்யூன், அதாவது நகரசபை, போட்ட சட்டம் என்று நினைத்திருக்கிறாள்! எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், கண் கலங்கியது ஒரு பக்கம். இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை.

சப்பாத்துப் பிரச்சினையையும் தீர்த்தோம். ஒரு பிள்ளையின் அப்பா பிளைவூட் பலகைகள் கொண்டுவந்தார். பழைய கம்பளத்தைக் கீழே விரித்து, பலகையை மேலே அடுக்கி, அதில் ஆடினார்கள். வகுப்பு முடிந்ததும் நானும் நோராவும் பலகைகளைக் களஞ்சிய அறையில் கொண்டுபோய் அடுக்கிவைப்போம்.

2. தலைவி

மண்டபத்தைத் தொடர்ந்து பாவிப்பதென்றால் பதிவுசெய்த சங்கம் வேண்டும் என்று கொம்யூனில் சொல்லிவிட்டார்கள். இந்த நாட்டில் மீன் பிடிக்கவும் சங்கம், முயல் வளர்க்கவும் சங்கம். நோரா பெற்றோரைக் கூப்பிட்டு மண்டபத்துச் சிற்றுண்டிச்சாலையில் கூட்டம் வைத்தாள். நான் கோப்பி வைக்கப் போனேன்.

எங்கள் ஆட்களின் சங்கக் கூட்டங்களுக்குப் போனவர்களுக்குத் தெரியும், தலைவர் பதவி என்றால் கதிரை பறக்கும். இங்கே, "ஆர் தலைவரா வாறியள்?" என்று நோரா கேட்டதும் எல்லாரும் கோப்பைக்குள் எதையோ தேடத் தொடங்கினார்கள். திரும்பவும் கேட்டாள். பாவம், காதெல்லாம் சிவந்துவிட்டது. ஒருத்தி சபையில் நின்று இப்படிக் கெஞ்ச, வாயை மூடிக்கொண்டு நிற்க எங்கள் வளர்ப்பு விடுமா?

"வேறை ஒருத்தரும் இல்லாட்டி நான் இருக்கிறன்," என்றேன்.

சும்மா ஒரு மரியாதைக்குச் சொன்னது. எங்கள் கூட்டத்தில் அப்படிச் சொன்னால், "சீச்சீ, உங்களுக்கேன் அக்கா கரைச்சல்," என்று உடனே இன்னொருவர் எழும்புவார். இங்கே எல்லாரும் கைதட்டினார்கள். ஒரு தாய் வந்து கட்டிப்பிடித்தாள். கோப்பி வைக்கப் போனவள் தலைவியாக வீட்டுக்கு வந்தேன்.

என் மனுசன் வயிறு குலுங்கச் சிரித்தார். "தமிழ்ச் சங்கத்திலை உன்னைத் தேத்தண்ணி ஊத்தத்தான் விட்டவங்கள். அயர்லாந்துக்காரர் தலைவியாக்கிப் போட்டினமோ! உனக்கு அதிலை ஒரு அடியெண்டாலும் ஆடத் தெரியுமோ?"

"தலைவர் ஆடத் தேவையில்லை. ஆட்டி வைச்சாக் காணும்," என்றேன்.

3. பள்ளிக்கூடம் பெருகியது

உண்மையைச் சொன்னால், அந்த நடனம் எனக்கு முதலில் பிடிபடவில்லை. கால் நெருப்பில் நிற்பது போலத் துள்ளுகிறது. கை இரண்டும் விலாவோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. கை பேசாமல் என்ன நடனம்? நோராவிடம் கேட்டேன். "கை பேசாட்டி கால் பேசத்தானே வேணும்," என்றாள். அதற்குப் பிறகு காலைப் பார்க்கப் பழகினேன்.

என்னை நம்பித் தமிழ்த் தாய்மார் பிள்ளைகளைக் கொண்டுவந்தார்கள். "பரதத்துக்கு விடாமல் இதுக்கு விடுறதோ?" என்று ஒருத்தி இழுத்தாள். "ரெண்டுக்கும் விடும். பிள்ளைக்குக் கால் ரெண்டு இருக்குத்தானே," என்றேன். பிறகு சிரியாக் குடும்பத்துப் பிள்ளைகள் வந்தார்கள். வெளியில் குளிரில் நின்ற தாய்மாருக்கு நோரா தனி வகுப்பு வைத்தாள். ஓய்வூதியக்காரர் கைகோத்து ஆட வந்தார்கள். மண்டபத்தின் ஒரு மூலையில் தொடங்கியது, முழு மண்டபத்தையும் பிடித்துவிட்டது. பட்மின்டன்காரர் கொம்யூனுக்கு முறைப்பாடு எழுதினார்கள். தலைவி போய்ச் சண்டை பிடித்தாள்.

முதல் போட்டிக்கு ஒடென்சே நகருக்குப் போனோம். எங்கள் பிள்ளைகள் மேடையேறியதும் பழக்கத்தில் குனிந்து நிலத்தைத் தொட்டார்கள். நடுவர் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இது என்ன என்று கேட்டார். எங்கள் ஃப்ரேயா, அந்த முதல் செவ்வாயில் என்னிடம் ஏச்சு வாங்கிய டெனிஷ்காரப் பிள்ளை, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "இது பழைய அயர்லாந்து வழக்கம்," என்றாள். நோரா என்னைப் பார்த்தாள். இரண்டு பேரும் வெளியே ஓடிப்போய் வயிறு நோகுமட்டும் சிரித்தோம். அது கொம்யூன் சட்டமே இல்லை, எங்கள் ஊர் வழக்கம் என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

ஆனால் நான் செவ்வாய்க்கிழமைக்காகக் காத்துக்கிடந்தது இவை ஒன்றுக்காகவும் இல்லை. வகுப்பு முடிந்து, பலகை அடுக்கியபின் நாங்கள் இருவரும் குடிக்கும் தேத்தண்ணிக்காகத்தான். கோப்பி குடிக்கும் இந்தத் தேசத்தில், நல்ல சாயமாகப் பால் விட்ட தேத்தண்ணி குடிக்கத் தெரிந்த ஒரே வெள்ளைக்காரி அவள். அந்தக் கோப்பையோடு அவள் தன் ஊர் மழையைப் பற்றிச் சொல்வாள். நான் என் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்வேன். தமிழ்த் தாய்மார் கூப்பிடுவதைக் கேட்டு அவளும் என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டாள். என் கூடப்பிறந்தவர்கள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். ஹொல்ஸ்டெப்ரோவில் எனக்கு நோரா இருந்தாள்.

4. அவள் கேட்ட கேள்வி

ஒரு மாசி மாதம், தேத்தண்ணி ஆறிக்கொண்டிருக்க, அவள் பலகை அடுக்கின் மேல் தலையைக் குனிந்தபடி இருந்தாள்.

"அம்மாவுக்கு நினைவு தப்புது, அக்கா. நேற்று அடுப்பைப் பத்தவைச்சிட்டு வெளியிலை போயிட்டா. தம்பி அவுஸ்திரேலியாவிலை. நான்தான் போகவேணும்."

"ரெண்டு கிழமை நிண்டிட்டு வா."

"இல்லை. போனா வரமாட்டன். எனக்குத் தெரியும்." நிமிர்ந்து பார்த்தாள். "நான் இல்லாட்டி பள்ளிக்கூடம் நடக்குமோ? நீங்கள் தலைவி, உண்மையைச் சொல்லுங்கோ. நடக்காது எண்டா நான் போகேல்லை. ஆரையும் பிடிச்சு அம்மாவைப் பாக்கச் சொல்லுறன்."

நடக்குமோ இல்லையோ, எனக்கு எப்படித் தெரியும்? ஃப்ரேயா அப்போது படித்துக்கொண்டிருந்தாள். சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லிக்கொடுப்பாள். நோராவின் முகத்துக்காக வந்தவர்கள்தான் அத்தனை பேரும். 'நடக்காது' என்று ஒரு சொல்லுச் சொன்னால் போதும், அவள் இருந்துவிடுவாள். என் வாய் அந்தச் சொல்லை உருட்டிக்கொண்டுதான் இருந்தது. எனக்கு அவள் வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு முதல் எனக்கு வேண்டும்.

என் அம்மா சாகும்போது ஊரில் சண்டை. அங்கே போகிற பாதையெல்லாம் பூட்டு. யாரோ ஒருவர் தொலைபேசியில் சொல்லித்தான் அறிந்தேன், அதுவும் எல்லாம் முடிந்தபிறகு. இவளுக்கோ விமானத்தில் ஏறினால் அதே நாள் அம்மாவின் முகத்தைப் பார்க்கலாம். இவளையும் நான் மறிப்பதா?

"நடக்கும்," என்றேன். "போ."

"உண்மையாவோ, அக்கா?"

"நான் சொல்லுறன். நடத்திக் காட்டுறன். நீ போய் அம்மாவைப் பார்."

அவள் என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். நான் அழவில்லை. வீட்டுக்குப் போய் அழுதேன்.

5. வளர்ச்சி

சொன்னதை நடத்திக் காட்டுவது லேசாக இருக்கவில்லை. முதல் குளிர்காலத்தில் பல குடும்பங்கள் நின்றுவிட்டன. ஒவ்வொரு வீட்டுக்கும் போன் எடுத்தேன். "பிள்ளை வராட்டி நான் வீட்டை வருவன்," என்று வெருட்டினேன். ஃப்ரேயா படிப்புக்கு நடுவில் ஓடி ஓடி வந்தாள். தாய்மார் உடுப்புத் தைத்தார்கள். அடுத்த கோடையில் மண்டபம் திரும்பவும் நிறைந்தது. இப்போது பக்கத்து ஊரிலும் ஒரு கிளை இருக்கிறது. நானும் வேலையால் ஓய்வுபெற்று, தலைவிப் பதவியையும் கொடுத்துவிட்டேன்.

போன இலையுதிர் காலத்தில் நோரா ஒரு வார இறுதிக்கு வந்தாள். ஒருவருக்கும் சொல்லாமல் மண்டபத்துக்குக் கூட்டிப்போனேன். வாசலில் நின்ற ஒரு குட்டிப் பெண், பல் விழுந்த வாயோடு, நோராவைக் கீழும் மேலும் பார்த்தாள்.

"புது ஆளோ? பயப்பிடாதையுங்கோ. பழக ஈசி," என்று சொல்லி, கையைப் பிடித்துக்கொண்டுபோய் ஆரம்ப வரிசையின் கடைசியில் நிறுத்தினாள். முதல் அடி எப்படி வைப்பது என்று காட்டிக்கொடுத்தாள். நோரா வேண்டுமென்றே பிழையாக வைத்தாள். "இல்லை, இல்லை, இப்பிடி!" என்று குட்டி அதட்டினாள். அந்தப் பக்கத்திலிருந்து ஃப்ரேயா கண்டுவிட்டு அலறிக்கொண்டு ஓடிவரும்வரை, நோரா அந்தப் பிள்ளை சொன்னபடியே கால் மாற்றிக்கொண்டு நின்றாள்.

அடுத்த நாள் ரெயில் நிலையத்தில் சொன்னாள்: "அந்தப் பிள்ளைக்கு என்னை ஆரெண்டே தெரியேல்லை, அக்கா. பாருங்கோ, எவ்வளவு வளந்திட்டுது!" சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண்ணைத் துடைத்துக்கொண்டும் சொன்னாள்.

சங்கம் தொடங்குகிற இளம் பிள்ளைகள் என்னிடம் வந்து யோசனை கேட்பதுண்டு. ஒருவரை மட்டும் நம்பி எதையும் கட்டாதீர்கள், அவர் போனாலும் நடக்கிற மாதிரிக் கட்டுங்கள் என்று சொல்வேன். அது சரியான பாடம். அதை நான் செய்தும் காட்டினேன். ஆனால் அப்படிக் கட்டி முடித்தவளின் மனம் அந்த ஒருத்தியைத் தேடாது என்று மட்டும் நினைக்காதீர்கள். பள்ளிக்கூடத்துக்கு இப்போது நோரா தேவையில்லை. எனக்குத் தேவை.