அப்பப்பா பிறந்த ஊர்

போன மாதம் அடையாள அட்டை புதுப்பிக்கப் போயிருந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பிள்ளை, என் பேத்தி வயதுதான் இருக்கும், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அப்பா பிறந்த இடம் எது ஐயா?" என்று கேட்டாள். வல்வெட்டித்துறை என்று சொன்னால் முடிந்தது காரியம். நானோ கண்ணாடியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "தண்ணி தரட்டோ?" என்று அவள் கேட்கும் அளவுக்குப் போய்விட்டது. கிழவனுக்குத் தகப்பனுடைய ஊர் மறந்துவிட்டது என்று நினைத்திருப்பாள். மறக்க முடியாததுதான் என்னுடைய தொல்லை.

பேக்கரி வாசலில் பாணுக்கு விடியற்காலையிலேயே வரிசையில் நின்ற காலம் அது. எழுபதுகளின் தொடக்கம். நான் நல்லூரில் ஒரு டியூட்டரியில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன்; என் கணக்கு எவ்வளவு என்பது என்னிடம் படித்தவர்களுக்குத்தான் தெரியும். இருந்தது அண்ணை வீட்டில். அம்மாவும் ஐயாவும் போய்ச் சேர்ந்த பிறகு அண்ணைதான் எனக்கு எல்லாம். அவர் தபால் கந்தோரில் கிளாக்கர். இரண்டு சின்னப் பிள்ளைகள். மத்தியானம் தூங்காத, யாரிடமும் கடன் சொல்லாத, கதைக்கும்போது மேசை விளிம்பைப் பார்த்துக் கதைக்கிற மனிதர்.

இன்றைக்கும் சூடான பாண் மணம் எனக்குப் பசியைத் தருவதில்லை. அந்த வரிசையில்தான் எனக்குப் பின்னால் நின்ற ஒருவர் மற்றவரிடம் சொன்னது காதில் விழுந்தது. "உவன்ரை தமையன் கள்ளத்தோணியாமெல்லே. பெட்டிசம் போயிட்டுதாம்."

அண்ணை இந்தியாவிலிருந்து களவாகத் தோணியில் வந்தவர் என்று மேலிடத்துக்குப் பெட்டிசம் போனது உண்மைதான். எழுதியவர் யாரென்று கடைசிவரைக்கும் தெரியவில்லை. அண்ணை நாகப்பட்டினத்தில் பிறந்தவர். ஐயா பாய்க்கப்பல் ஓட்டிய தண்டையல். கப்பல் பழுதாகி அங்கே சில மாதம் தங்கவேண்டி வந்தபோது அம்மாவையும் கூட்டிப்போயிருந்தார். அண்ணையைக் கையில் ஏந்திக்கொண்டு திரும்பினார்கள். எங்கள் ஊரில் அது ஒரு விஷயமே இல்லை. கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பிறந்த பிள்ளைகள் வீட்டுக்கு வீடு உண்டு. ஆனால் பிரசாவுரிமைச் சட்டம் வேறு மாதிரிக் கேட்டது. வெளியே பிறந்தவர் தகப்பனும் தகப்பனுடைய தகப்பனும் இலங்கையில் பிறந்தவர்கள் என்று காட்டவேண்டும். காட்டாவிட்டால் வேலை போகும். வேலையோடு நிற்குமா என்றும் சொல்ல முடியாது.

ஐயாவின் பிறப்புப் பதிவு சுகமாகக் கிடைத்துவிட்டது. அப்பப்பா கந்தப்பருடையதுதான் இல்லை. பதிவுக் கந்தோரில் அந்தக் காலத்துப் புத்தகத்தைத் திறந்தபோது பக்கங்களுக்குப் பதிலாகக் கறையான் மண் உதிர்ந்தது. அண்ணை அந்த மண்ணை மேசையில் சிந்தாமல் கையால் கூட்டி அள்ளி யன்னலுக்கு வெளியே போட்டார். அது அவருடைய சுபாவம். பிறப்பு இல்லாவிட்டால் இறப்பாவது இருக்குமென்று தேடினோம். அதுவும் இல்லை. அப்பப்பா கடலில் போனவர் என்றுதான் எங்களுக்குச் சொல்லி வளர்த்திருந்தார்கள்.

அந்தக் கதையை உடைத்தவர் ஐயாவோடு கப்பலில் போன சின்னத்தம்பியர். வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஒரு வள்ளத்தின் நிழலில் குந்தியிருந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்பப்பா எந்தக் கப்பலில் போனவர் என்று கேட்டோம்.

"கடலிலையோ? ஆர் சொன்னது?" என்றார். பிறகு எங்கள் இரண்டு பேருடைய முகத்தையும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கொப்பரும் சொல்லேல்லையோ? உங்கடை அப்பப்பா வேதத்திலை சேந்து செத்தவர் தம்பி. மனிசி செத்தாப் பிறகு ஒரு வேதக்காரப் பொம்பிளையோடை போனவர். கிழக்காலை, சேமக்காலையிலை கிடக்கிறார். கொம்மாமியைக் கேளுங்கோ."

அந்தக் கிறிஸ்தவச் சேமக்காலை கடலோரமாக, தாழம்பற்றைக்குப் பின்னால் இருந்தது. பத்துப் பன்னிரண்டு கல்லறைக்கு மேல் இராது. சாய்ந்து நின்ற ஒரு முருகைக்கல்லில் உப்புக் காற்று அரித்தது போக மிஞ்சிய எழுத்தை அண்ணை விரலால் தடவித் தடவி வாசித்தார். "வல்வெட்டித்துறையில் பிறந்த சவிரிமுத்து." அவ்வளவுதான். கந்தப்பர் என்ற பெயர் எங்கேயும் இல்லை.

எனக்குச் சந்தோசம் பொங்கியது. அண்ணை எழும்பி வேட்டியிலிருந்த மண்ணைத் தட்டினார். "சவிரிமுத்து ஆர் எண்டு கேட்டால் என்ன சொல்லுவாய்?"

சின்னத்தம்பியர் கேள்விப்பட்டதைத்தான் சொன்னவர். கண்ணால் கண்ட உறவு என்று உயிரோடு இருந்தது மாமி ஒருத்திதான். ஐயாவின் தங்கை, அப்பப்பாவின் ஒரே மகள். அன்று பின்னேரமே போனோம். மாமி வீட்டு முற்றத்தில் நெல் அவித்துப் பரப்பியிருந்தது. அந்த மணத்தோடு சேர்ந்து கலியாண வீட்டுக்குரிய சுண்ணாம்பு மணம். சுவருக்குப் புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள். மாமியின் மகள் மலருக்கு நெடுநாள் இழுபட்டு, அப்போதுதான் ஓர் இடம் சரிவந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் எங்கள் ஆட்கள்தான், உடுப்பிட்டியில் போய்க் குடியேறியவர்கள். தகப்பன் கோயில் தர்மகர்த்தா. கிழமையில் பாதி நாள் விரதம் பிடிக்கிற வீடு.

அண்ணை சுற்றி வளைக்காமல் கேட்டார். மாமி நெல்லைக் காலால் கிளறியபடி நின்றா. கால் நிற்கவில்லை.

"அப்பு கடலிலை போனவர்," என்றா.

"மாமி, நாங்கள் கல்லைப் பாத்திட்டம்."

"கல்லிலை ஆற்றையோ பேர். எனக்கும் அதுக்கும் என்ன? தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

உள்ளே மலர் கோப்பை கழுவும் சத்தம் சட்டென்று நின்றது. அந்தப் பெண்ணுக்கும் அன்றைக்குத்தான் தெரிந்திருக்கிறது.

வரும் வழியில் நான் பொரிந்து தள்ளினேன். இரத்த உறவு, மனச்சாட்சி என்று பெரிய பெரிய சொற்களாகச் சொன்னேன்; அந்த வயதில் எனக்கு அவை நன்றாக வரும். அண்ணை சைக்கிளை நிறுத்திவிட்டார்.

"மலருக்குத் தேப்பனும் இல்லை, அண்ணன் தம்பியும் இல்லை. மச்சான்மாரெண்டாலும் அவளுக்கு ஆம்பிளைத் துணை நாங்கள்தான். அந்தப் பிள்ளையின்ரை கலியாணத்தைக் குழப்பி எனக்கு உத்தியோகம் வேண்டாம். இனி ஒருதரும் மாமியிட்டைப் போகக்கூடாது."

விசாரணை நாள் வரும்வரை வீட்டில் யாரும் சத்தமாகக் கதைக்கவில்லை. அண்ணி சமைத்ததை ஒருவரும் குறை சொல்லவில்லை. அதுவே பயமாக இருந்தது. அண்ணை பிள்ளைகளின் பாடசாலைச் சப்பாத்துக்குப் பொலிஷ் போட்டுக்கொண்டிருப்பார். போட்டு முடித்த சப்பாத்தை எடுத்து மறுபடி போடுவார். ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் எல்லோரும் ஒரே நேரத்தில் தலை நிமிர்வோம்.

அரசாங்க அதிபரின் கச்சேரியில் விசாரித்தவர் நடுவயதுக்காரர், கடுமையானவர் அல்ல. நாங்கள் எடுப்பித்துக் கொண்டுபோன கல்லறைப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது சவிரிமுத்து. உங்கடை அப்பப்பா கந்தப்பர். இரண்டு பேரும் ஒராள் எண்டதுக்கு என்ன இருக்கு?" அண்ணை மேசை விளிம்பைப் பார்த்தார். "ஒண்டும் இல்லை" என்று சொல்ல அவர் வாய் எடுத்ததை நான் கண்டேன்.

அப்போதுதான் வாசலில் பியோனோடு யாரோ வாக்குவாதப்படும் சத்தம் கேட்டது. மாமி. வெள்ளைச் சேலை, நெற்றி நிறையத் திருநீறு. பஸ்ஸில் நசுங்கி வந்த கோலம்.

"நான் இவற்றை மாமி. கந்தப்பற்றை மகள்," என்றா, இருக்கச் சொன்ன கதிரையில் இருக்காமலே.

விசாரித்தவர் அந்தத் திருநீற்றையும் கல்லறைப் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அம்மா, சத்தியம் பண்ணிச் சொல்லவேணும். சவிரிமுத்துவை உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"என்ரை அப்புவை எனக்குத் தெரியாதோ?" மாமி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டா. "சாகக் கிடக்கேக்கை என்னைப் பாக்கவேணும் எண்டு ஆள் விட்டவர். என்ரை அண்ணை, இவற்றை தேப்பன், விடேல்லை; நானும் போகேல்லை. கொண்டு போகேக்கை தாழம்பத்தைக்குள்ளை ஒளிச்சு நிண்டு பாத்தனான். முகத்தை மூடேல்லை. அது அப்புதான். வல்வெட்டித்துறையிலை எங்கடை வீட்டிலை பிறந்தவர் எண்டு அவற்றை தாயே எனக்குச் சொன்னவ."

விசாரித்தவர் எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும் எழும்பி மாமிக்குக் கதிரையைத் தன் கையாலேயே இழுத்துவிட்டார்.

வெளியே வந்ததும் அண்ணை மாமியை மர நிழலுக்குக் கூட்டிப்போனார். பிறகு, "மலரின்ரை காரியம்?" என்று மட்டும் கேட்டார்.

"நேத்து உடுப்பிட்டிக்குப் போய் அவையளிட்டைச் சொல்லிப்போட்டன்," என்றா மாமி. "வேறை ஆரும் சொல்லி அறியிறதிலும் நான் சொல்லுறது நல்லதெல்லே. மலர்தான் போகச் சொன்னவள்."

"என்ன சொன்னவை?"

"தேத்தண்ணி தந்தவை."

அண்ணை முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமி அவருடைய தோளைத் தட்டி, "பஸ் போகப்போகுது, நட. அப்புவின்ரை இடத்தை எனக்குக் காட்டு. உள்ளை நான் ஒருக்காலும் போனதில்லை," என்றா.

போனோம். மாமி கல்லுக்கு முன்னால் சப்பாணி கட்டி இருந்தா. அழவில்லை. கல்லைச் சுற்றியிருந்த முள்ளுச் செடியை ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஒரு பக்கம் குவித்தா. கை கீறி இரத்தம் வந்ததும் தெரியவில்லை. எழும்பும்போது, "மெலிஞ்சு போயிருந்தவர்," என்று மட்டும் சொன்னா.

அண்ணையின் வேலை தப்பியது. உடுப்பிட்டிக்காரர் கொஞ்ச நாள் கழித்துச் சாதகம் சரியாகப் பொருந்தவில்லை என்று ஆள் அனுப்பினார்கள். மலர் அதன் பிறகு படித்து ஆசிரியை ஆனாள். பிந்தி, தன்னோடு படிப்பித்த ஒருவரைத் தானே பார்த்து முடித்தாள். அண்ணை தாரை வார்க்கும் இடத்தில் நின்று குழந்தை மாதிரி அழுதார். மாமி அந்த விஷயத்தை ஒருநாளாவது எங்களிடம் சொல்லிக் காட்டியதில்லை. ஆடி அமாவாசைக்கு மட்டும், பிதிர்க் கடனுக்காகக் கீரிமலைக்குப் போய் வந்த கையோடு, யாருக்கும் மறைக்காமல் சேமக்காலைக்கும் போனா.

பிறகு வந்த காலம் உங்களுக்கும் தெரியும். சில வருடங்களுக்கு முன் அந்தக் கரைக்குப் போனேன். தாழம்பற்றையும் இல்லை, கல்லறைகளும் இல்லை. சண்டையில் காவலரண் அணைகளுக்குக் கல் வேண்டியிருந்த காலத்தில் யாரோ எல்லாவற்றையும் அள்ளியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டேன். "இஞ்சை சேமக்காலை இருந்ததோ? தெரியாது ஐயா, நாங்கள் பிறகு வந்து குடியேறின ஆக்கள்," என்றாள்.

மாமி போய்விட்டா. அண்ணையும் போய்விட்டார். மலர் கடல்களுக்கு அப்பால் தன்னையே மறந்து படுக்கையில் கிடக்கிறாள். கந்தப்பரும் சவிரிமுத்துவும் ஒரே ஆள் என்று சொல்ல இப்போது மிஞ்சியிருப்பது நான்தான். நான் அவரைக் கண்டதே இல்லை.