கற்பூரம் கரையில் இருக்கட்டும்

பிள்ளைகளே, நாங்கள் ஜேர்மனியின் ஹம் நகரில் இருக்கிறோம். போன வருடம் கால்வாயில் ஓடும், என்னைவிட வயது கூடிய படகு ஒன்றை வாங்கினேன். அதற்கேற்ற பழைய எஞ்சின்கள் இரண்டு கிடைத்தன: ஒன்று டீசல், மற்றது பெற்றோல். டீசல் எஞ்சின் சத்தம் போட்டதால் பெற்றோல் எஞ்சினைப் பூட்டுவித்தேன்.

முதல் ஓட்டத்துக்கு முன், கார் வாங்கினால் செய்வதுபோல, எஞ்சினுக்குச் சந்தனம் பூசி, பக்கத்தில் கற்பூரத் தட்டை வைத்தேன். தீப்பெட்டியைத் திறந்ததும் மகள் ஆரணி கையைப் பிடித்தாள்.

"அப்பா, கொளுத்தாதேங்கோ. பெற்றோல் மணக்குது."

"பழைய எஞ்சின் அப்படித்தான் பிள்ளை."

"அப்ப கரையில கும்பிடுவம். சாமிக்கு நீந்தத் தெரியுமோ தெரியாது."

சிரித்துக்கொண்டு இறங்கினோம். பெற்றோல் மணக்குது என்று சொன்னதும் பக்கத்துப் படகுக்காரர் வந்து அடிப்பலகையைத் தூக்கினார். குழாய் கசிந்து, கீழே பெற்றோல் தேங்கியிருந்தது. அதன் ஆவி வெளியே போகாமல் அடியிலேயே நிற்குமாம். ஒரு தீக்குச்சி போதுமாம். அவர் என் தீப்பெட்டியை வாங்கித் தன் பைக்குள் வைத்தார்.

எனக்குப் பயமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. ஆரணியின் சப்பாத்து நாடாவைக் கட்டினேன். அவிழ்த்து மறுபடியும் கட்டினேன்.

இப்போது படகில் டீசல் எஞ்சின். பூசை கரையில். ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் பலகையைத் திறந்துவிட்டு ஆரணியிடம் கேட்பேன்: "ஏதும் மணக்குதோ?"

"இல்லையப்பா" என்று அவள் சொன்ன பிறகும் சற்று நேரம் நிற்பேன்.