இடப்பக்கத்துத் திருகு

பட்டறையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'மைக்ரான்'தான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. லேத்தில் கடைந்த சாமானை அளந்து பார்க்காமல் கீழே வைக்கமாட்டார். யாராவது "கிட்டத்தட்ட சரிதான்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு மேல்தாடை அளவு தப்பி வளர்ந்து தொலைத்தது. பிறக்கும்போதே அண்ணம் பிளந்திருந்து, குழந்தையில் தைத்தது. கீழ்த்தாடை முன்னே போக, மேல்தாடை உள்ளேயே நின்றுவிட்டது. முன்பல்லால் எதையும் கடிக்க முடியாது. நாற்பதைத் தாண்டியபின் ஒருவழியாக மனதைத் திடப்படுத்திக்கொண்டு ஆபரேஷனுக்குப் படுத்தார். எலும்பை வெட்டி, வாய்க்குள் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு திருகு வைத்தார்கள். தினம் கொஞ்சம் திருகினால் தாடை மெல்ல முன்னே நகரும், இடைவெளியில் புது எலும்பு வளரும் என்றார் டாக்டர். இடப்பக்கத்தை அவரே திருகினார். வலப்பக்கத்துக்குக் கை வாகாக வரவில்லை. அது மனைவியின் பொறுப்பு.

சில நாளில் நடுப்பல் இடது பக்கமாக ஒதுங்கியது. "கண்ணாடி கோணலா இருக்குங்க" என்றாள் மனைவி. சுவர்க் கண்ணாடியைக் கழற்றி நேராக மாட்டினார்கள். பல் மாறவில்லை.

டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். "வலது நல்லா வந்திருக்கு. இடதுதான் பின்தங்கிடுச்சு. எலும்பு அவசரப்பட்டு இறுகுதோ என்னவோ. கொஞ்ச நாள் திருகிப் பாருங்க. நகரலேன்னா மறுபடி வெட்டணும்."

அவருக்குக் கதி கலங்கியது. ஒரு நாள் விடாமல் திருகியிருக்கிறார், பிறகு திருகினதெல்லாம் எங்கே போச்சு? கெட்டுப்போன சாமானுக்கு ஒரு காரணம் இருந்தே தீரும் என்று வாழ்ந்தவர் அவர்.

சில நாள் போனபின் ஒரு காலை, அவர் திருகுவதை மனைவி பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"ஏங்க, முதல்ல எதுக்குப் பின்னாடி திருப்புறீங்க?"

"லூஸ் எடுக்க வேணாமா? எந்தத் திருகையும் கொஞ்சம் பின்னாடி விட்டுத்தான் முன்னாடி..."

பேச்சு பாதியில் நின்றது. திருகின் தளர்வைப் போக்க லேத்தில் செய்கிற பழக்கம், வாய்க்குள்ளும் கை தானாகச் செய்திருக்கிறது! பின்னே விட்டது போக மிச்சம் மட்டும்தான் தினமும் நகர்ந்திருக்கிறது.

ஆஸ்பத்திரிக்கு விழுந்தடித்து ஓடினார்கள். டாக்டர் திருகை அசைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இறுகிடுச்சு. வெட்டித்தான் ஆகணும்."

"என் கையாலதானா டாக்டர்?"

"இருக்கலாம். எலும்பு தானாவும் இறுகியிருக்கலாம். உறுதியா சொல்ல முடியாது."

சொல்ல முடியாதாமே! தப்பு தன்னுடையது என்றாலும் தாங்கியிருப்பார், இல்லை என்றாலும் தாங்கியிருப்பார். இரண்டும் கெட்டானாக எப்படி வீடு போய்ச் சேருவது?

வெளியே பெஞ்சில் மனைவி மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். "நானும் ஒண்ணு மறைச்சுட்டேங்க. வலப்பக்கம் சில நாள் கூடுதலா திருகிட்டேன். சீக்கிரம் முடிஞ்சா, இந்தக் கஞ்சியக் கரைச்சுக் குடிக்கிறத விட்டுட்டு நல்லா கடிச்சு சாப்பிடுவீங்களேன்னுதான். என்னாலதான் கோணிப்போச்சா?"

அவர் கை, அவள் கை, எலும்பின் அவசரம். எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க எந்தக் கருவியும் அவரிடம் இல்லை. கோபம் வருகிறதா, பாவமாக இருக்கிறதா என்றுகூடப் புரியாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பிறகு, வாழ்க்கையில் முதல்முறையாக, அளந்து பார்க்காமலே ஒன்றை அடித்துச் சொன்னார்.

"உன்னால இல்லம்மா. என் கைதான்."