நரிக்கு என்று தேடிய துவக்கு

நாலு வருடங்களுக்கு முன், ஒரு தை மாதக் குளிரில் நடந்த விஷயம் இது. லண்டனில் மிச்சம் என்று ஒரு பகுதி, அங்கேதான் அப்போதும் இருந்தோம், இப்போதும் இருக்கிறோம். நான் ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு வான் ஓட்டுகிறவன். மனைவிக்கு ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டு மண்டபத்தில் வேலை. மகள் வேறு ஊரில் படித்துக்கொண்டிருந்தாள். இப்படிப்பட்ட வீட்டுக்குத் துவக்கு, அதுதான் துப்பாக்கி, எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். அந்தக் கேள்வியை நான்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

எங்கள் பங்குக் கோயிலுக்கு வருகிற ஒரு அண்ணையும் நானும் சேர்ந்து, நகரம் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் இரண்டு ஏக்கர் நிலம் வாடகைக்கு எடுத்திருந்தோம். வீட்டிலிருந்து வானில் அரை மணி நேரம். அண்ணைக்கு ஆடுகள், எனக்குக் கோழிகள். கோடையில் கத்தரியும் பயிற்றங்காயும் போடுவோம். ஞாயிறு பூசை முடிந்ததும் முட்டை வாங்க ஆட்கள் என்னைத் தேடி வருவார்கள். அந்தப் பெருமையை மறைக்க எனக்குத் தெரியாது. கோழிகளைப் பற்றிக் கேட்டால் அரை மணி நேரம் கதைப்பேன், கேட்காவிட்டாலும் கதைப்பேன்.

அந்தத் தை மாதத்தில் ஒரு நாள் ஷிப்ட் நீண்டுவிட்டது. கோழிக்கூட்டை அடைக்கப் போக முடியவில்லை. ஒரு நாள்தானே என்று விட்டுவிட்டேன். அடுத்த நாள் காலை போய்ப் பார்த்தால் பதினேழு கோழிகள் செத்துக் கிடந்தன. நரி ஒன்றைத்தான் கொண்டு போயிருந்தது. மற்றதெல்லாம் சும்மா கடித்துப் போட்டது. பசிக்குப் பிடித்திருந்தால் மன்னித்திருப்பேனோ என்னவோ. அந்தச் சிறகுகளுக்கு நடுவே நின்றபோது எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. கூட்டை அடைக்காமல் விட்டவன் நான்தான் என்பது அந்த ஆத்திரத்தில் மறந்தே போயிற்று.

அன்றிலிருந்து வேலை முடிந்து வந்ததும் போனும் கையுமாக இருக்கத் தொடங்கினேன். அமெரிக்காவில் பண்ணை வைத்திருப்பவர்கள் போடுகிற வீடியோக்கள். இடுப்பில் ஒரு சின்ன ரிவோல்வரைச் செருகிக்கொண்டு ஆளாளுக்கு வேலி கட்டுகிறார்கள், மாட்டுக்கு வைக்கோல் போடுகிறார்கள். பாம்பு வந்தால் ஒன்று, நரி வந்தால் ஒன்று. எனக்கு அது பிடித்துப்போயிற்று. ஆறு குண்டு போடுகிறது நல்லதா, ஒன்பது போடுகிறது நல்லதா? குழல் நீளமாக இருக்க வேண்டுமா, குட்டையாக இருக்க வேண்டுமா? மழையில் துருப்பிடிக்குமா? இரண்டு கிழமையில் நான் ஒரு நிபுணர் ஆகிவிட்டேன். வாழ்க்கையில் ஒரு துவக்கைக் கையால் தொட்டவன் இல்லை என்பது வேறு கதை.

மனைவி பக்கத்தில் இருந்து வெங்காயம் உரிப்பாள், இல்லாவிட்டால் உடுப்பு மடிப்பாள். இதைப் பாரும், கைக்கு அடக்கமாக இருக்கு என்று போனை நீட்டுவேன். ம் என்பாள். பிறகு அடுப்பைப் பார்க்க எழும்பிப் போவாள். அதை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை, நகரத்துக்கு வெளியே இருந்த ஒரு துவக்குக் கடைக்குப் போனேன். வயதான வெள்ளைக்காரர் ஒருவர் இருந்தார். பண்ணை வேலைக்குச் சின்ன ரிவோல்வர் ஒன்று வேண்டும், ஒன்பது குண்டு போடுகிறது என்றால் நல்லது என்று, கடையில் பருப்பு வாங்குகிற மாதிரிக் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். அவர் கடைசியாக அப்படி ஒன்றை விற்றபோது அவருடைய தலைமயிர் கறுப்பாக இருந்ததாம். இந்த நாட்டில் சாதாரண ஆட்கள் கைத்துவக்கு வைத்திருக்கச் சட்டம் விடாது, பண்ணைக்காரனுக்கும் அதுதான் என்று பொறுமையாகச் சொன்னார். இருபத்தைந்து வருடம் இங்கே இருந்தும் எனக்கு அது தெரியாது. முகம் முழுக்கச் சூடேறிவிட்டது. அவர் சிரிக்கவில்லை. பொலிசைக் கூப்பிடவும் இல்லை. நரிக்கு என்றால் ஒரு வேட்டைத் துவக்கு போதும், அதற்கும் பொலிஸ் லைசன்ஸ் வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதித் தந்தார்.

நான் விடுகிற ஆள் இல்லை. விண்ணப்பம் போட்டேன். டொக்டரிடம் கடிதம் எடுத்தேன். என்னைப் பற்றி நல்லதாகச் சொல்ல, கோயிலில் பழக்கமான ஒரு கணக்காளரைப் பிடித்தேன். மேல்மாடியில் உள்ள சின்ன அறைச் சுவரில் நாலு துளை போட்டு, இரும்புப் பெட்டி ஒன்றைப் பூட்டினேன். துவக்கு அதற்குள் இருக்க வேண்டும், பெட்டியின் திறப்பு, அதாவது சாவி, லைசன்ஸ்காரனிடம் மட்டும்தான் இருக்க வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று மனைவிக்குக்கூடத் தெரியக் கூடாது. அதுதான் சட்டம்.

பெட்டியோடு இரண்டு திறப்புகள் வந்தன. ஒன்றை என் பேர்சில் வைத்தேன். மற்றதை? எங்கள் வீட்டில் திறப்பு என்றால் அதற்கு ஒரே இடம்தான். சுவரில் மாட்டியிருக்கிற மடுமாதா படத்துக்குப் பின்னால் ஒரு ஆணி. வீட்டுத் திறப்பு, வான் திறப்பு, நகைப் பெட்டித் திறப்பு எல்லாம் அதில்தான் தொங்கும். மாதாவின் காவலில் இருந்தால் தொலையாது என்று ஒரு நம்பிக்கை. கலியாணம் முடித்த நாளிலிருந்து இருக்கிற பழக்கம், கை தானாகப் போய் அதிலே கொழுவிவிட்டது. அது மனைவிக்கும் தெரிந்த இடம் என்று அடுத்த நாள்தான் உறைத்தது. ஆனாலும் எடுக்கவில்லை. வேறு இடம் பிறகு பார்ப்போம் என்று விட்டுவிட்டேன். மனைவியிடம் மட்டும் மூன்று தரம் சொல்லிவைத்தேன்.

"பொலிசில இருந்து ஆள் வந்து திறப்பைப் பற்றிக் கேட்டால், தெரியாது எண்டு சொல்லும். அவ்வளவுதான். வேற ஒண்டும் கதைக்க வேண்டாம்."

அவள் தலையை ஆட்டினாள்.

வந்தவர் ஒரு பெண். ஐம்பது வயதிருக்கும். சீருடை இல்லை, ஒரு கறுப்புக் கோட்டும் கையில் ஒரு கோப்பும். கோழிகளைப் பற்றிக் கேட்டார், நான் வழக்கம் போல அரை மணி நேரம் சொன்னேன். இரும்புப் பெட்டியை ஆட்டிப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். கடைசியாக, வீட்டில் இருப்பவரோடும் தனியாகக் கதைக்க வேண்டும் என்று சொல்லி, மனைவி சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குப் போனார். கதவு திறந்துதான் இருந்தது. நான் வெளியே நின்றேன்.

அந்தப் பெட்டியின் திறப்பு எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா என்று அவர் கேட்டது எனக்குக் கேட்டது. பிறகு மனைவி குசினியிலிருந்து வெளியே வந்து, என்னைத் தாண்டிப் போய், படத்தைக் கொஞ்சம் சரித்து, திறப்பை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனாள். தெரியும், இதுதான், என் மகளுக்கும் இந்த இடம் தெரியும் என்றாள். அவளுக்கு ஆங்கிலம் கொஞ்சம் தட்டும். ஆனால் அன்று ஒரு சொல்லும் தட்டவில்லை.

அந்தப் பெண் கோபப்படவில்லை. இன்றைக்குச் சம்மதம் எழுத முடியாது, திறப்புக்குப் பதிலாக இலக்கம் அமத்தித் திறக்கிற பெட்டி ஒன்று வாங்கிப் போட்டு அறிவித்தால் திரும்ப வந்து பார்க்கிறேன் என்றார். நான் வாசல் வரைக்கும் போனேன். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே மெல்லிய குரலில் சொன்னார், பெட்டி மாற்றுவது ஒரு நாள் வேலை, அதற்கு முதல் உங்கள் மனைவியோடு கதையுங்கள், நான் கேட்டபோது அவர் பயந்துவிட்டார் என்று.

கதவைச் சாத்திவிட்டு வந்தேன். கதைக்கிற எண்ணத்தோடு இல்லை, கத்துகிற எண்ணத்தோடு.

"நான் மூண்டு தரம் சொன்னனான் எல்லே? ஏன் காட்டினனீர்?"

அவள் கதிரையில் இருந்தாள். திறப்பு மேசையில் கிடந்தது.

"தெரியாது எண்டு சொல்லச் சொன்னீங்கள். அப்பாவும் அதைத்தான் சொன்னவர்" என்றாள்.

அவளுடைய அப்பாவை யுத்த காலத்தில், மன்னாரில் ஒரு நாள் வீட்டில் வந்து கொண்டு போனார்கள், அவர் திரும்பவே இல்லை என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். கலியாணம் பேசும்போது சொன்னார்கள். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. கேட்டால் கவலைப்படுவாள் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், கேட்க எனக்கும் பயம்தான்.

அன்று குசினியில்தான் முழுவதையும் சொன்னாள். பக்கத்து வயல்காரர் ஒருவரிடம் பழைய துவக்கு ஒன்று இருந்திருக்கிறது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் நிற்க வேண்டி வந்ததால், பூட்டிக் கிடக்கிற வீட்டில் வைக்கப் பயந்து இவர்கள் வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அப்பா அதை நெல் மூட்டைகளுக்குப் பின்னால் வைத்தார். இவளுக்குப் பதினொரு வயது, பார்த்துக்கொண்டு நின்றாள். ஆர் கேட்டாலும் தெரியாது என்று சொல்லு பிள்ளை என்றார். அடுத்த நாளே வீடு சோதிக்க ஆமிக்காரர் வந்தார்கள். இவளைத்தான் கேட்டார்கள். தெரியாது என்றாள். மூட்டைகளை இழுத்துப் போட்டு அவர்களே எடுத்தார்கள். பிள்ளையையும் பொய் சொல்லப் பழக்கி வைத்திருக்கிறாய் என்று சொல்லி அப்பாவை அடித்து, ஏற்றிக்கொண்டு போனார்கள். உண்மையைச் சொல்லியிருந்தால் விட்டிருப்பார்களோ என்ற கேள்வி அவளிடம் இத்தனை வருடமும் இருந்திருக்கிறது. எனக்குத் தெரியாமல், என் வீட்டிலேயே.

மூளை கெட்டவன் மாதிரி, இது நரிக்குத்தானே, ஆக்களுக்கு இல்லையே என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அதுவும் பன்றிக்குத்தான். வயல்ல பன்றி கலைக்கிற துவக்கு."

அவள் அழுதாள். நானும் அழுதேன் என்று எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை. நீர் வேண்டாம் எண்டு முதலே சொல்லியிருக்கலாமே என்று கேட்டபோது, உங்கட சந்தோசத்தைப் பார்க்கச் சொல்ல ஏலாமல் போச்சு என்றாள். இலக்கப் பெட்டி ஒன்று வாங்கினால் முடிகிற விஷயம் என்று அவளுக்கும் தெரியும். இனி உங்கட விருப்பம் என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போட எழும்பினாள். தடுக்கவும் இல்லை, சத்தியம் வாங்கவும் இல்லை.

திங்கட்கிழமை விண்ணப்பத்தைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று கடிதம் போட்டேன். இரும்புப் பெட்டியைக் கழற்றிச் சுவரில் பூச்சுப் போட்டேன். அண்ணை பகிடி பண்ணினார், பண்ணட்டும் என்று விட்டுவிட்டேன். கோழிக்கூட்டைச் சுற்றிக் கரண்ட் வேலி போட்டு, நிலத்துக்குள்ளும் ஒரு அடி வலை இறக்கினோம். ஷிப்ட் நீளுகிற நாட்களில் மனைவி இரண்டு பஸ் மாறிப் போய்க் கூட்டை அடைக்கிறாள். அவளுக்கு இப்போது கோழிகளைப் பற்றி என்னைவிடக் கூடத் தெரியும். அன்றைய கதையை அடுத்த கிழமை மகளுக்குப் போனில் அவளே சொன்னாள். தன் தாத்தா எப்படிப் போனார் என்று பிள்ளை முதல் முறையாகக் கேட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

ஒரு துவக்கை வாங்குவதற்காக நான் கடைக்காரரைக் கேட்டேன், டொக்டரைக் கேட்டேன், அமெரிக்காவில் முகம் தெரியாத மனிதர்களை எல்லாம் கேட்டேன். இருபத்திரண்டு வருடம் என்னோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவளோடு கதைக்கும்படி, ஒரு மணி நேரம் பழகிய ஒரு பெண் வாசலில் நின்று சொல்ல வேண்டியிருந்தது என்பதுதான் இன்றைக்கும் எனக்கு வெட்கம், அந்த வெட்கம் என்னை விட்டுப் போகாமல் இருப்பதே நல்லது.