பாட்டுக்குப் பின்னால் வந்த குரல்

என் கணவர் முதன்முதலாக என்னிடம் மனம்விட்டுப் பேசியபோது நான் ஆட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் தனியாக நின்றிருந்தேன். அவர் சவுதியில் இருந்தார். குரல் வந்தது ஒரு வாக்மேனிலிருந்து.

அப்போது கல்யாணமாகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதில் நாங்கள் சேர்ந்து இருந்தது சில வாரங்கள்தான். கட்டடங்களுக்குக் கம்பி கட்டும் வேலைக்குப் போனவர், லீவில் வந்து தாலி கட்டிவிட்டு, லீவு முடிந்ததும் திரும்பிவிட்டார். இருந்த நாட்களிலும் தண்ணீர் கேட்டது, பஸ் வந்துவிட்டது என்று சொன்னது, இவை போக அவர் பேசியதாக எனக்கு எதுவும் ஞாபகமில்லை. கோபக்காரர் இல்லை. பேச்சு வராதவர்.

நான் அருப்புக்கோட்டையில் தறி ஷெட்டுகளுக்கு நடுவே வளர்ந்தவள். அப்பா கூலிக்குத் தறி ஓட்டினார். எங்கள் தெருவில் பக்கத்தில் நிற்கிறவரிடம் பேசவும் கத்த வேண்டும். சத்தம் நின்றால் கரண்டு போய்விட்டது என்று அர்த்தம். உடனே எல்லோரும் வாசலுக்கு வந்து ஊர்க்கதை பேசுவார்கள். வாக்கப்பட்டு வந்த ஊரோ திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகிற ரோட்டில் இறங்கி வெகுதூரம் உள்ளே நடக்க வேண்டிய ஊர். எந்தப் பக்கம் திரும்பினாலும் சீமைக்கருவேலம். விடிந்ததும் மாமாவும் அத்தையும் விறகு வெட்டவும் அதைக் கரியாக்கக் கரிமூட்டம் போடவும் போய்விடுவார்கள். வீட்டில் நானும் ஆடுகளும் மிஞ்சுவோம். முதல் மாதங்களில் காதுக்குள் பஞ்சு அடைத்தது போலவே இருந்தது. மனுசக் குரல் கேட்கவேண்டும் என்றே குடத்தை எடுத்துக்கொண்டு பம்படிக்குப் போவேன். அங்கே நான் டவுன்காரி. என்னைக் கண்டதும் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள்.

அவர் கடிதம் எழுத மாட்டார். அத்தைக்கும் மாமாவுக்கும் படிக்கத் தெரியாது என்பதால் கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவார். வீட்டில் அவர் வாங்கி வைத்த டூ-இன்-ஒன் இருந்தது. கேசட் வந்தால் பக்கத்து வீட்டாரும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். மழை பெய்ததா, ஆடு குட்டி போட்டதா, மாமாவுக்கு இருமல் தேவலையா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அவளயும் கேட்டதாச் சொல்லுங்க" என்பார். அந்த ஒரு வாக்கியம் வந்ததும் எல்லோரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். எனக்கு வந்த பங்கு அது. அதையும் ஊர் முன்னால் வைத்துத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஒரு கோடையில் நரிக்குடிக்காரர் ஒருவர் கையில் சோப்பு, பேரீச்சம்பழம், மாமாவுக்கு ஒரு டார்ச் லைட் இவற்றோடு ஒரு சின்னப் பெட்டியும் வந்தது. அதற்குள் வாக்மேனும், காதில் வைக்கிற பஞ்சுக் குமிழ் ஹெட்போனும், 'பாட்டு' என்று எழுதிய ஒரு கேசட்டும். அத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரு ஆள் மட்டும் கேட்கிற ரேடியோ என்னத்துக்கு என்று என் கையில் கொடுத்துவிட்டார்கள்.

மறுநாள் ஆடுகளுக்குக் குழை ஒடித்துப் போட்டுவிட்டு, கொட்டிலுக்குப் பின்னால் நின்று அதைக் காதில் மாட்டினேன். இரண்டு சினிமாப் பாட்டுகள் ஓடின. பிறகு ஒரு கரகரப்பு. தூரத்தில் லாரி போகிற சத்தம். ஒரு இருமல்.

"நான்தான். பக்கத்துல யாரும் இருக்காகளா?"

நான் இல்லை என்று தலையாட்டினேன்.

கேசட்டின் அந்தப் பக்கம் முடியும்வரை அவர் பேசினார். அறையில் பத்துப் பேர் படுக்கிறார்கள், தனியாகப் பேச மொட்டை மாடிக்கு வந்திருக்கிறேன் என்றார். வெயிலில் கம்பி கையைச் சுடுவதையும், கையுறை தருகிறவரைக்கும் துணியைச் சுற்றிக்கொள்வதையும் சொன்னார். கல்யாணத்தன்று நான் கட்டியிருந்த சேலையின் நிறத்தைச் சொன்னார். அவர் அதைப் பார்த்தார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஊருக்கு வந்திருந்தபோது எத்தனையோ கேட்க நினைத்ததாகவும், வாய் வரவில்லை என்றும் சொன்னார். உனக்கு அங்கே பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பது போலக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அந்த இடத்தில் டேப் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அன்றிலிருந்து பகல் எனக்குப் பகலாக இருந்தது. ஆடு மேய்க்கப் போகும்போது இடுப்பில் அது இருக்கும். செல் சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாது என்று கேசட்டின் ஓட்டையில் பேனாவை விட்டுக் கையாலேயே பின்னால் சுற்றுவேன். வலுவிழந்த பென்சில் செல்களை ஓட்டின் மேல் வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடுவேன்; அது கொஞ்ச நேரத்துக்குத் தாங்கும். செல் இறங்க இறங்க அவர் குரல் தடித்து, இழுத்து, கிழவர் குரலாகிவிடும். அதைக் கேட்கப் பிடிக்காது. சட்டென்று நிறுத்திவிடுவேன். புதுச் செல் வேண்டுமென்றால் திருச்சுழிக்குப் போகிற மாமாவிடம்தான் சொல்ல வேண்டும். அவர் வாங்கி வந்து அரிசிப்பானை மூடியின் மேல் வைத்துவிடுவார். எனக்குக் கூச்சமாக இருக்கும்.

நஷ்டம் மெல்லத்தான் தெரிந்தது. பம்படியில் பெண்கள் என்னைக் கூப்பிடுவதை விட்டார்கள். முன்பு குறைத்துப் பேசினார்கள் என்றால் இப்போது பேசவே இல்லை. "அவ காதுலதான் புருசன் குடியிருக்கானே, நம்ம கூப்பிட்டா எங்க கேக்கும்" என்று ஒருத்தி சொன்னாள். அப்போது என் காதில் ஒன்றும் மாட்டியிருக்கவில்லை. பேச ஆளில்லாமல்தான் அதைக் கேட்க ஆரம்பித்தேன். கேட்க ஆரம்பித்ததால் பேச வந்த ஒன்றிரண்டு பேரும் போனார்கள்.

அதைவிடப் பெரிய குறை, அந்த மெஷினில் கேட்கத்தான் முடியும். பேச முடியாது. பதில் சொல்ல வேண்டுமென்றால் டூ-இன்-ஒன்னில்தான் பதிய வேண்டும். அது கூடத்தில் இருந்தது. வீட்டில் கூடம் தவிர வேறு அறையும் இல்லை. இரண்டு பேரும் கரிமூட்டம் பிரிக்கப் போன ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு சிவப்புப் பட்டனை அழுத்தினேன். சொல்ல வேண்டியதை எல்லாம் ஆட்டுக்குப் பின்னால் நடந்தபடி பல நாள் சொல்லிப் பார்த்திருந்தேன். ஒரு வார்த்தை வரவில்லை. கடைசியில், "நான் நல்லாத்தான் இருக்கேன். நீங்க உடம்பப் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு நிறுத்தினேன். போட்டுக் கேட்டால் காற்று அடிக்கிறது, ஆடு கத்துகிறது, நான் மூச்சு விடுகிறேன், அந்த இரண்டு வரி வருகிறது, மறுபடி காற்று. சவுதிக்குத் திரும்புகிற ஒருவரிடம் அதையே கொடுத்தனுப்பினேன். அடுத்து வந்த கேசட்டில், பாட்டுகளுக்குப் பிறகு, அவர் அந்த ஆடு எது என்று கேட்டார். செவலையா, காது அறுந்ததா என்று. அதைக் கேட்டு அறைக்காரர்கள் எல்லோரும் அவரவர் ஊர் ஆட்டைப் பற்றிப் பேசினார்களாம்.

பாட்டுக்குப் பின்னால் அவர் பேசுவது அத்தைக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு சாயங்காலம் உடம்பெல்லாம் கரித்தூளோடு வந்து குளிக்கத் தண்ணீர் மொண்ட அத்தை, செம்பைக் கீழே வைத்துவிட்டு, "அதுல எம் மகன் பேசுறானா?" என்று கேட்டார்கள்.

நான் பாட்டு என்றேன்.

"பாட்டுக் கேக்குற மூஞ்சி இல்லத்தா அது."

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. அத்தை கையையும் காதையும் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். அறையைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் அவர் பேசுகிற இடத்தைத் தேடி எடுத்து ஹெட்போனை மாட்டிவிட்டேன். குரல் கேட்டதும் அத்தை கண்களை மூடிக்கொண்டு, தெருக்கோடியில் நிற்கிறவரிடம் பேசுவது போல, "சாப்பிட்டியாய்யா, சாப்பிட்டியா" என்று சத்தம் போட்டார்கள். அவருக்குக் கேட்காது என்று நான் சைகை காட்டியதை அவர்கள் பார்க்கவில்லை. பிறகு மெல்லச் சத்தம் அடங்கியது. கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்தரங்கமான பேச்சு வரப்போகிறதே என்று எனக்குப் பதற்றமாக இருந்தது. அதற்கு முன்பே அத்தை ஹெட்போனைக் கழற்றிவிட்டார்கள்.

"நல்லாப் பேசுறான்" என்றார்கள். ஹெட்போனை என் கையில் கொடுத்துவிட்டு, "எங்கிட்ட இப்படியெல்லாம் பேசுனதே இல்ல" என்றார்கள்.

குரலில் பொறாமை இருந்திருந்தால் எனக்குச் சமாளிக்கச் சுலபமாக இருந்திருக்கும். அது இல்லை. எழுந்து போய்த் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டார்கள். அந்தச் சத்தம் வெகுநேரம் கேட்டது. அதுவரை அந்த வீட்டில் நான் ஒருத்திதான் தனி என்று நினைத்திருந்தேன்.

அடுத்த லீவில் அவர் வந்தார். மூன்று வருஷமாகச் சேர்த்துவைத்த பேச்சோடு வருவார் என்று நினைத்தேன். பழைய ஆள்தான் வந்தார். தண்ணீர் கேட்டார். மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பீடி பிடித்தார். வீட்டில் எப்போதும் யாராவது இருக்கிறார்கள், அதனால்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு நாள் ஆடு மேய்க்க என்கூடக் கண்மாய்ப் பக்கம் வந்தார். தண்ணீர் வற்றி வெடித்துக் கிடந்த கண்மாய், ஆளரவமே இல்லை. அங்கேயும் ஒரு பேச்சில்லை. நானே கேட்டுவிட்டேன்.

"கேசட்டுல பேசுன மாதிரி எங்கிட்டப் பேசுங்களேன்."

அவர் ஒரு கருவேலங்காயைப் பறித்து ஒடித்துக்கொண்டே இருந்தார். "அங்க முன்னாடி யாருமில்ல" என்றார். "நீ எதிர்ல இருந்தா வாய் வர மாட்டேங்குது."

"அப்ப நான் இல்லாததுதான் ஒங்களுக்கு வசதி" என்றேன். அவர் கரையேறிப் போன ஒரு ஆட்டை விரட்டப் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் கூடத்தில் படுத்திருந்தார். நான் வாக்மேனை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் பின்னால் போனேன். ஏன் போனேன் என்று இப்போது கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆள் வீட்டுக்குள் இருக்கிறார். நான் வெளியே நின்று அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சேலையின் நிறத்தைச் சொல்கிற இடம் வந்தபோது கண் கலங்கியது. நிமிர்ந்தால் கொட்டில் முனையில் அவர் நிற்கிறார். என்ன கேட்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. கிட்டே வருவார் என்று நினைத்தேன். ஒரு அடி வைத்தார்; பிறகு திரும்பிப் போய்விட்டார்.

அவர் சவுதிக்குத் திரும்பிய பிறகு வந்த கேசட்டில் பாட்டுகளுக்குப் பின்னால் கொஞ்சம்தான் பேசினார். நீ நின்று கேட்டதைப் பார்த்த பிறகு பேசக் கூச்சமாக இருக்கிறது, பேசினால் உன் முகம் தெரிகிறது என்றார். அதற்கடுத்த கேசட் முழுக்கப் பாட்டு மட்டும்தான். கடைசிவரை ஓடவிட்டு, பக்கம் மாற்றி, அதையும் ஓடவிட்டுப் பார்த்தேன்.

பிறகு திருச்சுழியில் எஸ்.டி.டி. பூத் வந்தது. சொன்ன நேரத்துக்குப் போய்க் காத்திருந்தால் அவர் அங்கிருந்து கூப்பிடுவார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அடுத்தவர்கள் நிற்பார்கள். நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன் என்பதற்குள் முடிந்துவிடும். கேசட் வருவது நின்றது. அவர் பேசியிருந்த பழைய கேசட் ஒரு கத்திரி வெயிலில் சூடேறி மெஷினுக்குள் சிக்கிக்கொண்டது. மெல்ல மெல்ல இழுத்துப் பார்த்தேன், நாடா சுருண்டு அறுந்துவிட்டது. ஒட்டித் தருவதாகக் கடைக்காரர் சொன்னார். அவர் ஒட்டிவிட்டுப் போட்டுக் கேட்டுப் பார்ப்பாரே என்று கொடுக்காமல் இருந்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் அவர் ஒரேயடியாகத் திரும்பி வந்தார். முதுகு போய்விட்டது, இனி கம்பி தூக்க முடியாது. பந்தல்குடியில் ஒரு சிமெண்டுக் கடையில் லோடு இறக்குவதை மேற்பார்க்கிற வேலை கிடைத்தது. ஒரு பழைய மொபெட் வாங்கினார். என் அம்மா படுக்கையில் விழுந்திருந்த சமயம்; வாராவாரம் என்னை அருப்புக்கோட்டைக்குக் கூட்டிப் போவார்.

அப்படிப் போன ஒரு நாள், திருச்சுழி தாண்டி வெறுங்காடாகக் கிடக்கிற ரோட்டில், அவர் தானாகப் பேச ஆரம்பித்தார். சவுதியில் கூட வேலை பார்த்த ஒருவர் சாரத்திலிருந்து விழுந்ததைப் பற்றி. யாரிடமும் சொல்லாத விஷயம். ரோட்டைப் பார்த்தபடி, திரும்பாமல், நிறுத்தி நிறுத்திச் சொன்னார். எனக்கு அவர் முதுகும் வியர்வையில் ஒட்டிய சட்டையும்தான் தெரிந்தது. எதிர்க்காற்றில் பாதி வார்த்தைகள் எனக்கு வந்து சேரவில்லை. இன்னொரு தரம் சொல்லுங்கள் என்று கேட்டால் நின்றுவிடுமோ என்று பயமாக இருந்தது. அதனால் கேட்ட பாதிக்கும் கேட்காத பாதிக்கும் சேர்த்து ஊர் வரும்வரை 'ம்' கொட்டிக்கொண்டே போனேன்.