ஷூட்டிங்கில் கரை ஒதுங்கியவர்

அந்த இந்திப் படக்காரர்கள் மேல் எனக்கிருக்கும் கோபத்தில் பாதி என் மேலேயே இருக்கும் கோபம். அவர்களை எங்கள் வைத்திக்குப்பத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்ததே நான்தான்.

கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் வரவேற்பில் உட்காரும் பெண் நான். வடக்கிலிருந்து வருகிறவர்களோடு பேசிப் பேசி இந்தி ஒட்டிக்கொண்டது. படக்காரர்கள் அங்கேதான் தங்கினார்கள். அடிதடிப் படம். எங்கள் ஊர் பிரெஞ்சுத் தெருக்களில் கார் துரத்தலை எடுத்து முடித்துவிட்டு, மீனவர் குப்பம் ஒன்று வேண்டும் என்றார்கள். வில்லனின் அடியாட்கள் குடியிருக்கும் இடமாம். கதைப்படி அது எந்த ஊர் என்று உதவி இயக்குநரைக் கேட்டேன். "சவுத்" என்றான். அதற்கு மேல் அவனுக்கே தெரியாது. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. எங்கள் குப்பம் சினிமாவில் வரப்போகிறது என்று பல்லைக் காட்டிக்கொண்டு அழைத்துப் போனேன்.

என் அப்பா கடலுக்குப் போய் அப்போது எட்டு வருஷம் ஆகியிருந்தது. இரண்டாம் நாள் படகு கிடைத்தது, அவர் கிடைக்கவில்லை. உடல் கிடைக்காதவர்களுக்கு எங்கள் பக்கம் வைக்கோலில் உருவம் செய்து, வேட்டி கட்டி, அதற்குக் காரியம் செய்துவிடுவார்கள். ஊர்ப் பெரியவர்கள் அப்படி ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தபோது அம்மா அதைப் பிடுங்கித் தெருவில் எறிந்தாள்.

"வைக்கோலுக்கு நா தாலி அறுக்கணுமா? அவரக் கொண்டாந்து கண்ணுல காட்டுங்க, அப்புறம் பாக்கலாம்" என்றாள்.

அதற்குப் பிறகு முன்னைவிடப் பெரிய பொட்டாக வைத்துக்கொண்டு மீன் விற்கப் போனாள். ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான், மூன்று பேருக்கு உலை வைப்பாள். அவர் பங்கு மறுநாள் பழையதாகும், அதையும் அவளே சாப்பிடுவாள். ஒரு தடவையாவது அழுது தொலைக்க மாட்டாளா என்று நான் வேண்டாத சாமி இல்லை.

படத்துக்கு வேண்டியதும் அழுகைதான். சுடப்பட்டுச் செத்த அடியாளைச் சுற்றிக் குப்பத்துப் பெண்கள் ஒப்பாரி வைக்க வேண்டும். சண்டைக் கலைஞர் ஒருவரைச் சிவப்புச் சாயம் பூசி மணலில் படுக்க வைத்தார்கள். அம்மாவையும் சேர்த்துப் பெண்கள் பதினைந்து பேர், ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை.

"உசுரோட இருக்கறவன சுத்தி ஒப்பாரி வெக்க சொல்றியே, அவன் பொண்டாட்டி தாலி நிக்க வேணாமா?" என்று பக்கத்து வீட்டு அத்தை என்னிடம் பாய்ந்தார்.

நான் இந்தியில் சொன்னேன். இயக்குநர் தலையில் அடித்துக்கொண்டார். கண்ணில் விடுகிற மருந்தெல்லாம் கொண்டுவந்து பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் வேனிலிருந்து ஒரு ரப்பர் பொம்மையை இறக்கினார்கள். கைலி, நீலச் சட்டை. குப்புறப் போட்டு மேலே நாலு வாளி கடல்தண்ணீர் ஊற்றினார்கள். முகம் தெரியவில்லை.

"இப்ப சரி. அவங்கவங்க ஊட்டு சாவ நெனச்சி அழுங்கடி" என்றார் அத்தை.

உடை பார்க்கும் பெண், அம்மாவைக் காட்டி, பொட்டு இருக்கக் கூடாது, செத்தவனின் மனைவி போல இருக்க வேண்டும் என்றாள். அம்மாவிடம் அதைத் தமிழில் சொன்னேன். பிறகு, "நடிப்புதானம்மா" என்றேன். அம்மா என்னைப் பார்த்தாள். ஈரத்தில் கிடந்த அந்த நீலச் சட்டையைப் பார்த்தாள். முந்தானையால் பொட்டை அவளே துடைத்துக்கொண்டாள்.

கேமரா ஓடியதும் போய் விழுந்தாள்.

"இவ்ளோ நாளு எங்க கெடந்தீங்க? எந்தத் தண்ணில கெடந்தீங்க?"

எட்டு வருஷத்து அழுகை. இயக்குநர் நிறுத்தச் சொல்லியும் ஒருத்தியும் நிறுத்தவில்லை. படக்காரர்கள் கைதட்டினார்கள். அருமையான நடிகை என்று உன் அம்மாவிடம் சொல் என்றார் இயக்குநர். நான் சொல்லவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டு, அப்பா படத்துக்கு முதல் முறையாக மாலை போட்டாள். "பாத்துட்டேன்டி. போதும்" என்றாள். பிறகு பொட்டு வைக்கவில்லை, இரண்டு பேருக்குத்தான் சமைத்தாள். ரப்பர் என்று தெரியாதா அவளுக்கு? அதைத் திரும்ப வேனில் ஏற்றும்போது ஒரு கை பிடித்தவளே அவள்தான். ஆனால் அதைக் கேட்கிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். மனசுக்குள் படக்காரர்களுக்கு நன்றிகூடச் சொன்னேன்.

மறு வருஷம் படம் வந்தது, தமிழில் குரல் மாற்றியும் வந்தது. வடக்கில் சக்கைப்போடு போடுவதாகப் பேசினார்கள். எங்கள் இளவட்டங்கள் தியேட்டர் வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டினார்கள்: ஒரு பக்கம் கதாநாயகன், ஒரு பக்கம் பழைய போட்டோவிலிருந்து எடுத்த, பெரிய பொட்டு வைத்த அம்மா. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். தன்னைப் பார்க்க வரவில்லை அவள். "அவர இன்னொரு தடவ பாத்துட்டு வந்துடறேன்" என்றுதான் கிளம்பினாள்.

இடைவேளைக்குப் பிறகு அந்தக் காட்சி வந்தது. மூன்று நொடி இருக்கும். அம்மாவின் வாய் திறந்தது, உள்ளேயிருந்து எவளோ ஒருத்தியின் குரல் வந்தது: "ஐயோ, எங்களை விட்டுட்டுப் போயிட்டீங்களே!" அடுத்த நொடி, எங்களுக்குத் தெரியாமல் வேறெங்கோ எடுத்துச் சேர்த்ததில், கதாநாயகனின் ஜீப் கூட்டத்துக்குள் பாய்ந்தது. நீலச் சட்டை எகிறி அலையில் போய் விழுந்தது. தியேட்டரே எழுந்து விசிலடித்தது. எங்கள் குப்பத்துக்காரர்களும்தான். பாவிகள், யாருக்காக அழுதோம் என்று அந்தப் பதினைந்து பேருக்குக்கூட ஞாபகம் இல்லை.

அம்மா எழுந்து வெளியே வந்துவிட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"கரைக்கு வந்தவரத் திரும்பத் தூக்கிக் கடல்ல போட்டுட்டானுங்களேடி."

கடல் இருக்கும் பக்கமாக விடுவிடுவென்று நடந்தாள். எனக்குப் பயமாகிவிட்டது. ஒரு வருஷமாக வாயைக் கட்டி வைத்திருந்த நான், அந்த நேரம் பார்த்துத் திறந்தேன்.

"அம்மா, அது ரப்பரும்மா. வெறும் பொம்ம. அப்பா இல்ல."

அம்மா நின்று திரும்பினாள்.

"அப்ப அவரு இன்னும் வரல" என்றாள்.

மறுநாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது அப்பா படத்தில் மாலை இல்லை. அம்மா கண்ணாடி முன்னால் நின்று பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் மூன்று பேருக்கு உலை கொதித்துக்கொண்டிருந்தது.