அரை மணித்தியால எதிர்காலம்

எத்தாளைப் பக்கம் என் மூத்த சகோதரி ராத்தாவின் கணவரான மச்சானுக்கு இறால் பண்ணை இருக்கிறது. குளங்களில் ஒட்சிசன் குறையாமல் தண்ணீரைக் கிளறுவதற்குச் சக்கரங்கள் உண்டு. கரண்ட் செலவைக் குறைக்க மச்சான் கொழும்பிலிருந்து ஓர் ஆலோசகரை வரவழைத்தார். கட்டுப்பாட்டுப் பொறியியல் படித்த நான் அதே வீட்டில்தான் இருந்தேன். ஆனால் கொழுந்தி கொழும்பிலிருந்து வான் வண்டியில் வந்து இறங்குவதில்லையே, மதிப்பு எங்கிருந்து வரும்?

ஆலோசகரின் கணினி எதிர்காலத்தைப் பார்க்குமாம். குளம் அடுத்த அரை மணித்தியாலத்தில் எப்படி மாறும் என்று கணித்து, செலவு குறைந்த திட்டத்தைத் தெரிந்தெடுத்து, அதன் முதல் அடியை மட்டும் செய்துவிட்டு மறுபடி கணிக்கும். முறை நல்ல முறைதான். அரை மணித்தியாலம்தான் எனக்கு இடித்தது.

"அரை மணித்தியாலம் முடியும்போது கொளம் என்ன நெலமையில இருக்கணும்ண்டு இதுக்குச் சொல்லல்லியே?" என்று கேட்டேன்.

"ஒவ்வொரு தடவையும் ஆகச் சிறந்த முடிவத்தானே எடுக்குது, தங்கச்சி. பொறகு எப்படிப் பிழைக்கும்?" என்றார் ஆலோசகர்.

"நீ சும்மா இரு. அவர் வெளிநாட்டில படிச்சவர்," என்றார் மச்சான்.

அன்றிரவே குளங்களைக் கணினியிடம் ஒப்படைத்தார்கள். வெயில் இருக்கும்வரை பாசி ஒட்சிசன் தரும். இருட்டினால் அதுவே உறிஞ்சும். சரிவு முதலில் மெதுவாக இருந்து, பிறகு கிணற்றில் விழுவதுபோல் விழும். கணினியோ அரை மணித்தியாலம் பார்த்தது, ஆபத்தில்லை என்று சக்கரங்களை நிறுத்தியது. மறுபடி பார்த்தது, மறுபடி நிறுத்தியது. கிணறு கண்ணில் பட்டபோது எல்லாச் சக்கரங்களையும் ஓட்டியும் மீள முடியவில்லை.

விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டுக் குளத்தடிக்குப் போன மச்சான் கத்திக்கொண்டு ஓடி வந்தார். "ஒரு கொளமே போயிட்டு! எறாலெல்லாம் மெதக்குது!"

திரையில் ஒவ்வொரு முடிவுக்கும் பச்சைச் சரி போட்டிருந்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"இது நேர்கோட்டுக் கணக்குக்கு அடங்காத தொகுதி," என்று பழியைக் குளத்தின்மேல் போட்டார் ஆலோசகர், அதற்கு ஜின் பிடித்துவிட்டதுபோல.

யாரையும் கேட்காமல் நான் கணினி முன் உட்கார்ந்து அதன் நிரலை மாற்றினேன். கணிப்பை நீட்டினேன். எந்தத் திட்டமும் முடியுமிடத்தில், சக்கரங்களை ஓடவிட்டால் விடியும்வரை தாக்குப்பிடிக்கக்கூடிய அளவு ஒட்சிசன் குளத்தில் இருக்கவேண்டும் என்று நிபந்தனை வைத்தேன். அப்போது அடுத்த கணிப்புக்கு ஒரு வழியாவது எப்போதும் மிச்சமிருக்கும். கரண்ட் செலவு சற்று ஏறியது. மற்றக் குளங்கள் அறுவடைவரை பிழைத்தன.

பிறகு புத்தளத்தில் பண்ணையாளர் கூட்டம் ஒன்று. திட்டம் முடியுமிடத்தில் வைக்கும் 'முடிவு நிபந்தனை' என்ற தன் கண்டுபிடிப்பைப் பற்றி ஆலோசகர் உருக்கமாகப் பேசினார். மச்சான் முன்வரிசையில் இருந்து கை தட்டினார். தேநீர் நேரத்தில் என்னைப் பக்கத்து ஆளுக்கு அறிமுகமும் செய்தார்:

"இவ என்ட கொழுந்தி. கொம்பியூட்டர் கொஞ்சம் தெரியும்."

"ஓம், கொஞ்சம்தான்," என்றேன்.